மூளையில் அனியூரிசம் வெடித்த அம்மா பழையபடி வருவாரா? 9ஆம் நாளில் சொல்லக்கூடியதும் சொல்லக்கூடாததும்

திருகோணமலைப் பாலையூற்றிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 56 வயது. பிரஷர் இருக்கிறது, குளிசையை நினைத்தால் போடுவார், இல்லாவிட்டால் விட்டுவிடுவார். விடியற்காலை அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் திடீரென்று “தலை வெடிக்குது” என்று கத்தி, சத்தி எடுத்து, ஐந்து நிமிடம்போல நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். திருகோணமலை ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கான் எடுத்தார்கள், அன்றைக்கே கண்டிக்கு அம்புலன்ஸ். மூளையின் முன்பக்க இணைப்பு நாடியில் அனியூரிசம், அதாவது நாடிச் சுவர் பலூன்போல வீங்கிய குமிழ், வெடித்திருந்தது. மறுநாள் மண்டையோட்டைத் திறந்து அந்தக் குமிழின் கழுத்தை அடைத்துக் கிளிப் போட்டாயிற்று. இன்று 9ஆம் நாள். இடையில் நன்றாகக் கதைத்தவர் நேற்றிலிருந்து தூங்கி வழிகிறார். வைத்தியரிடம் கேட்டால் “ஃபிஃப்டி-ஃபிஃப்டி” என்கிறார். ஆனால் மாமா ஒருவருக்கு “இதே வருத்தம்” வந்து ஒரு மாதத்தில் திரும்பவும் கடற்றொழிலுக்குப் போய்விட்டாராம். அம்மா பழையபடி வருவாரா, எத்தனை நாளாகும், நான் வேலையை விடவேண்டுமா என்பது கேள்வி.

இது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. உயிர் தப்புவாரா? தன் வேலையைத் தானே பார்ப்பாரா? நமக்குத் தெரிந்த அதே அம்மாவாக இருப்பாரா? வைத்தியர் சொன்ன ஃபிஃப்டி-ஃபிஃப்டி இதில் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வாட்டில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: குடும்பம் மூன்றாவதைக் கேட்கும், வைத்தியர் முதலாவதுக்கோ இரண்டாவதுக்கோ பதில் சொல்லுவார், இரண்டு பக்கமும் விளங்கியதாக நினைத்துக்கொண்டு பிரிவார்கள். அடுத்த வாட்டு ரவுண்டில் “எதற்கு ஃபிஃப்டி-ஃபிஃப்டி, உயிருக்கா, நடமாட்டத்துக்கா?” என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல. அந்தக் கேள்விக்கு வரும் பதில் முதல் பதிலைவிடத் தெளிவாக இருக்கும்.

மாமாவின் கதையை முதலில் ஒதுக்கிவைப்போம். மூளையின் மேலுறைகளுக்கு இடையில் தானாகக் குருதி கசிபவர்களில் 100க்கு 85 பேர் அளவில்தான் அனியூரிசம் இருக்கும். 10 பேர் அளவில், மூளைத்தண்டுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் குருதி தேங்கியிருக்கும். நாடிகளுக்குள் சாயம் செலுத்திப் படம் எடுத்தால் குமிழ் எதுவும் அகப்படாது. அவர்களுக்கும் அதே இடிவிழுந்த தலைவலிதான், ஸ்கானிலும் குருதிதான், ஆனால் மீண்டும் வெடிக்க ஒன்றும் இல்லாதபடியால் அநேகமானோர் இரண்டு கிழமையில் வீட்டுக்குப் போய் நன்றாகவே இருப்பார்கள். மாமா அந்த வகையாக இருந்திருக்கலாம். இல்லையென்றால் பிரஷரில் மூளைக்குள்ளேயே குருதி கசிந்த, நாங்கள் பாரிசவாதம் என்று சொல்லும் வகையாக இருந்திருக்கலாம். மூன்றையும் ஊரில் “மூளையில் ரத்தம் கசிந்தது” என்றே சொல்கிறோம். மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த டயக்னோசிஸ் காட்டை (நோய் விபர அட்டையை) பார்க்காமல் அம்மாவோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

இன்னொரு ஒப்பீடும் தவறாகப் போகும். இணையத்தில் தேடினால் “பாதிப்பேர் இறந்துவிடுவார்கள்” என்று வரும். அந்தக் கணக்கு தலைவலி வந்த நிமிடத்தில் தொடங்குகிறது. அதில் 100க்கு 10 முதல் 15 பேர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருமுன்னரே இறந்தவர்கள். அடுத்த பெரிய கண்டம் மறுவெடிப்பு. அது முதல் 24 மணித்தியாலத்தில்தான், அதிலும் முதல் சில மணித்தியாலங்களில்தான் அதிகம். கிளிப் போட்டபின் அந்த அபாயம் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே 9ஆம் நாளில் கட்டிலில் இருப்பவருக்கு முதலாம் நாளின் கணக்கைப் போடக்கூடாது. அம்மா அந்தக் கணக்கின் மோசமான பகுதியைத் தாண்டிவிட்டார். எஞ்சியிருப்பது வேறொரு அபாயம். அதைக் கீழே சொல்கிறேன்.

இனிக் கணிப்பு எதில் நிற்கிறது என்பதற்கு வருவோம். எல்லாவற்றிலும் உறுதியானது, வெடித்தவுடன் நினைவு எப்படி இருந்தது என்பதுதான். குமிழ் வெடிக்கும் கணத்தில் நாடியின் அமுக்கத்தோடு குருதி மண்டைக்குள் பாய்கிறது. மண்டையோடு விரியாது. உள்ளமுக்கம் நாடியின் அமுக்கத்தை எட்டும்போது மூளைக்குப் போகும் குருதி ஒரு கணம் நின்றேவிடும். அந்த நேரத்தில்தான் ஆள் மயங்கி விழுகிறார். எவ்வளவு நேரம் நின்றதோ அவ்வளவுக்கு மூளை முழுவதும் அடிபடும். மயங்காதவரைவிட மயங்கியவருக்கும், ஒரு நிமிடம் மயங்கியவரைவிட ஒரு மணித்தியாலம் மயங்கியவருக்கும் முடிவு மோசமாக இருப்பது இதனால்தான். அம்மா ஐந்து நிமிடம் மயங்கியது நல்ல செய்தி அல்ல. எழும்பிக் கதைத்தது நல்ல செய்தி.

இதை அளக்க 1974 இல் வந்த கிளாஸ்கோ அளவுகோலைப் பாவிக்கிறார்கள். கட்டில் டிக்கட்டில் (வாட்டில் நோயாளிக்கு எழுதும் குறிப்பில்) ஜி.சி.எஸ். என்று இருக்கும். கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, மொத்தம் 15. ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3. இதிலிருந்து 1988 இல் உலக நரம்பியல் சத்திரசிகிச்சையாளர் கூட்டமைப்பு 5 தரங்களை வகுத்தது. 15 என்றால் 1ஆம் தரம். 13 அல்லது 14, கைகால் பலவீனமோ பேச்சிழப்போ இல்லையென்றால் 2ஆம் தரம், இருந்தால் 3ஆம் தரம். 7 முதல் 12 வரை 4ஆம் தரம். 3 முதல் 6 வரை 5ஆம் தரம். 1ஆம், 2ஆம் தரத்தில் சிகிச்சை பெற்றவர்களில் நாலில் மூன்று பேர் அளவில் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வருவார்கள். 5ஆம் தரத்தில் முழுச் சிகிச்சை செய்தாலும் ஐந்தில் ஒருவர், கூடினால் மூன்றில் ஒருவர். நாட்டுக்கு நாடு, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி இது கூடும் குறையும். ஆனால் இறங்குவரிசை எங்கேயும் மாறுவதில்லை. உங்கள் அம்மாவுக்கு வந்தபோது ஜி.சி.எஸ். 14, கைகால் சரி என்று எழுதியிருக்கிறீர்கள். அது 2ஆம் தரம்.

இந்த எண்ணில் ஒரு ஓட்டை இருக்கிறது; எங்கள் பக்கத்து ஆட்கள் அதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பேச்சுக்கான 5 புள்ளி, கேள்விக்குச் சரியான பதில் சொன்னால்தான் கிடைக்கும். பெயர் என்ன, இது எந்த இடம், எந்த மாதம் என்று கேட்பார்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு அம்மாவிடம் இரவு டியூட்டித் தாதி சிங்களத்தில் கேட்டால் அவர் பேந்தப் பேந்த முழிப்பார், அல்லது தனக்குத் தெரிந்த ஏதோ ஒன்றைச் சொல்லுவார். டிக்கட்டில் “குழப்பம்” என்று 4 விழும், சிலவேளை 3 விழும். பகலில் தமிழ் தெரிந்த ஒருவர் கேட்கும்போது 5 வரும். வரைபடத்தில் பார்த்தால் நோயாளி இரவில் மோசமாகிப் பகலில் தேறுவது போல இருக்கும். தாதியைக் குறை சொல்லி இதற்குத் தீர்வு வராது. அந்த மூன்று கேள்வியையும் தமிழ் உச்சரிப்பில் ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள், சரியான பதிலையும் பக்கத்தில் எழுதுங்கள். எந்த வாட்டிலும் மறுக்க மாட்டார்கள். இன்னொன்று: “எங்கே இருக்கிறீங்கள்?” என்று கேட்டதற்கு அம்மா “திருகோணமலை ஆஸ்பத்திரி” என்று சொன்னால் அது முழுக் குழப்பம் என்று பயப்படாதீர்கள். அவருக்குக் கடைசியாக நினைவுள்ள ஆஸ்பத்திரி அதுதான். கண்டிக்கு வந்த பயணம் அவருக்குத் தெரியாது. தொண்டையில் குழாய் இருந்தாலும் மயக்க மருந்து ஓடினாலும் பேச்சுப் புள்ளியே பொருந்தாது. மூளைநீர் தேங்கி மயங்கியவருக்கு நீரை வடித்தபின் எடுக்கும் புள்ளிதான் கணிப்புக்கு உதவும், முந்தியது அல்ல.

நினைவு நிலைக்கு அடுத்தது வயது. 70 தாண்டினால் அதே தரத்திலும் முடிவு தெளிவாகக் கீழே போகும். 56 நடுவில், இந்த வருத்தம் வழக்கமாக வரும் வயதுதான். அடுத்தது முதல் ஸ்கானில் குருதி எவ்வளவு தடிப்பு, மூளையின் நீரறைக்குள் போயிருக்கிறதா என்பது. ஃபிஷர் என்று 0 முதல் 4 வரை ஒரு எண் எழுதியிருப்பார்கள். அது பெரும்பாலும் பின்னால் வரும் நாடிச் சுருக்கத்தைக் கணிப்பதற்கு; பழையபடி வருவாரா என்பதற்கு அது நேர்ப்பதில் தராது. அனியூரிசத்தின் அளவு, இடம் ஆகியவை கொஞ்சம் சேர்க்கும், அவ்வளவே. குடும்பத்தவர் “7 மில்லிமீட்டராம், 12 மில்லிமீட்டராம்” என்று அதையே பிடித்துக்கொண்டிருப்பது வழக்கம். வெடித்து முடிந்த பிறகு அந்த எண்ணுக்கு நீங்கள் நினைக்கும் அளவு கனம் இல்லை.

இவற்றையெல்லாம் கோத்துக் கணக்காக்கிய முயற்சிகளில் பெரியது 2018 இல் வெளிவந்த சாஹிட் கணிப்பு முறை. 10,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் விபரத்தில் கட்டியது. அதன் அடிப்படை வடிவத்தில் மூன்றே மூன்று விடயம்: வயது, முன்பே பிரஷர் இருந்ததா, மேலே சொன்ன 1 முதல் 5 வரையான தரம். அதன் திறமை 0.8 அளவில். அதாவது நன்றாகத் தேறிய ஒருவரையும் தேறாத ஒருவரையும் சோடி சேர்த்து “யார் தேறுவார்?” என்று கேட்டால் 100 சோடியில் 80ஐச் சரியாகச் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 சரிவரும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்கான் விபரங்களைச் சேர்த்தாலும் பெரிதாக ஏறவில்லை. ஒரு வாட்டு நிறைந்த நோயாளிகளைப் பற்றிப் பேச இது நல்ல கருவி. ஒரு கட்டிலில் இருக்கும் ஒருவரைப் பற்றிப் பேசும்போது ஐந்தில் ஒரு சோடி பிழைக்கும் கருவி. எவராவது உங்களிடம் “72 சதவீதம்” என்று துல்லியமாகச் சொன்னால் அந்த 2ஐ நம்பாதீர்கள்.

இப்போது நேற்றிலிருந்து வந்த தூக்கம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தெரிவது இதுதான். அனியூரிசம் வெடித்து 4ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை, உச்சமாக 7 முதல் 10 வரை, மூளையைச் சுற்றித் தேங்கிய குருதி சிதையச் சிதைய நாடிகள் சுருங்கும், சிறு நாளங்களிலும் ஓட்டம் குழம்பும். 100 பேரில் 30 பேருக்கு இதனால் மூளையின் ஏதோ ஒரு பகுதிக்குக் குருதி போதாமல் போய், நன்றாக இருந்தவர் மந்தமாவார், அல்லது ஒரு கை சோரும், பேச்சுத் தடுமாறும். இதைத்தான் எஞ்சியிருக்கும் அபாயம் என்றேன். உடனே பிடித்துச் சிகிச்சை செய்தால் திரும்பக்கூடியது, விட்டால் அந்தப் பகுதி செத்துவிடும். ஆனால் 9ஆம் நாளில் தூங்குபவருக்கெல்லாம் இதுதான் என்றும் இல்லை. மூளைநீர் தேங்கியிருக்கலாம், ஒரு சி.டி.யில் தெரியும். குருதியில் சோடியம் இறங்கியிருக்கலாம். 135க்கு மேல் இருக்கவேண்டியது 130க்குக் கீழே போனால் ஆள் மந்தமாவது சாதாரணம், இந்த வருத்தத்தில் அது அடிக்கடி நடக்கும். காய்ச்சல், நெஞ்சில் சளி, சிறுநீர்த் தொற்று இருக்கலாம். கைகால் இழுக்காமல் உள்ளுக்குள் மட்டும் ஓடும் வலிப்பாக இருக்கலாம். வலி மருந்தாகவும் இருக்கலாம். மணித்தியாலத்துக்கு ஒருமுறை டோர்ச் அடித்து எழுப்பினால் யார்தான் பகலில் தூங்கமாட்டார்கள்? “அம்மா பிழைப்பாவா?” என்று கேட்பதற்குப் பதில் “நேற்றிலிருந்து வந்த இந்தத் தூக்கத்துக்கு இதில் எது காரணம், எதை எதைப் பார்த்துவிட்டீர்கள்?” என்று கேளுங்கள். முந்தாநாள் எப்படிக் கதைத்தார், நேற்று எத்தனை மணியிலிருந்து மாறினார் என்பதையும் சொல்லுங்கள். அம்மாவின் பேச்சு வழக்கத்திலிருந்து விலகியிருக்கிறதா என்பதைத் தாதியைவிட நீங்கள் முந்திக் கண்டுபிடிப்பீர்கள்.

இந்த நாட்களில் பார்வையாளர்கள் குழம்பும் இரண்டு சங்கதி. மொனிட்டரில் பிரஷர் 170 காட்டும், பிரஷர்க்காரியான அம்மாவுக்கு ஒரு குளிசையும் கொடுக்க மாட்டார்கள். அது கவனயீனம் அல்ல. கிளிப் போடுமுன் மேலமுக்கத்தை 160க்குக் கீழே வைத்திருப்பார்கள். போட்டபின் சுருங்கிய நாடிக்குள்ளால் குருதி போகவேண்டும் என்பதற்காக உயரவிடுவார்கள், சிலவேளை மருந்து கொடுத்தே உயர்த்துவார்கள். இரண்டாவது நீர். வேறு சில வருத்தங்களில் சோடியம் இறங்கினால் தண்ணீரைக் குறைப்பார்கள். இதில் அப்படிக் குறைத்தால் மூளைக்குப் போகும் குருதி இன்னும் குறையும். ஆகவே யாரோ சொன்னார் என்று தண்ணீர் கொடுக்காமல் விடாதீர்கள். ஆனால் விழுங்குவதைச் சோதித்து வாயால் கொடுக்கலாம் என்று சொல்லுமுன் ஒரு கரண்டிகூடக் கொடுக்காதீர்கள், நெஞ்சுக்குள் போய்விடும்.

நிமோடிப்பின் குளிசையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டும். இந்த வருத்தத்தில் முடிவை நல்ல பக்கம் திருப்பும் என்று உறுதியாகக் காட்டப்பட்ட மருந்து என்று சொல்ல அதுதான் இருக்கிறது. 1989 இல் பிரித்தானியாவில் நடந்த பெரிய ஆய்வு அதை நிலைநாட்டியது. விசித்திரம் என்னவென்றால், படமெடுத்துப் பார்த்தால் நாடி பெரிதாக விரிந்ததாகத் தெரியாது, ஆனால் மூளை சாவது குறைகிறது. மக்னீசியம், கொலஸ்ட்ரோல் குளிசை என்று எத்தனையோ பரீட்சித்தார்கள், எதுவும் நிற்கவில்லை. அளவு 60 மில்லிகிராம், 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 21 நாள். குளிசை 30 மில்லிகிராமாக வரும். வேளைக்கு 2, நாளுக்கு 12. அம்மாவை 14ஆம் நாளில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினால் இன்னும் 7 நாள் பாக்கி, 84 குளிசை கையில் இருக்கவேண்டும். கண்டியை விட்டு வெளிக்கிடுமுன் எண்ணிப் பாருங்கள். திருகோணமலைக்கு வந்து கடை கடையாகத் தேடும் நேரமல்ல அது. இரவு 2 மணி வேளையையும் எழுப்பிக் கொடுக்கவேண்டும். “நல்லா நித்திரை கொள்ளுறா, பாவம்” என்று விடுவதால்தான் அந்த வேளை தவறுகிறது. பிரஷர் இறங்கித் தலைசுற்றினால் நீங்களாக நிறுத்தாதீர்கள். வைத்தியர் அதை 30 மில்லிகிராமாக 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிரித்துக் கொடுக்க வழி இருக்கிறது.

கிளிப் போடாமல் தொடையால் கம்பி விட்டுக் குமிழுக்குள் கொயில் (மெல்லிய கம்பிச் சுருள்) வைத்திருக்கலாமோ என்ற கவலையும் உங்கள் கேள்வியின் ஓரத்தில் இருந்தது. 2002 இல் வந்த பெரிய ஆய்வில், இரண்டு முறைக்கும் பொருந்தியவர்களில் ஒரு வருட முடிவில் இறந்தவரோ பிறர் தயவில் இருந்தவரோ கொயில் பக்கம் 100க்கு ஏறத்தாழ 24 பேர், கிளிப் பக்கம் 31 பேர். வித்தியாசம் உண்மைதான். ஆனால் கொயில் வைத்தது மறுபடி திறக்கும் வாய்ப்புக் கூட, கிளிப் பெரும்பாலும் ஒரேமுறையில் முடியும். குமிழின் கழுத்து அகலம், இடம், அன்றைக்குக் கொயில் வைக்கும் ஆளும் அறையும் இருந்தனவா என்பதைப் பொறுத்தே தெரிவு. மறுநாளே கிளிப் போட்டது, மூன்று நாள் காத்திருந்து கொயில் வைப்பதைவிட அம்மாவுக்கு நல்லது. நடந்து முடிந்ததை நினைத்துக் குமையவேண்டாம்.

இந்த இரண்டு கிழமைக்குள் கணிப்பை மாற்றக்கூடிய ஒன்று இருக்கிறது: ஸ்கானில் புதிதாகச் செத்த பகுதி தெரிகிறதா என்பது. தெரிந்தால், எவ்வளவு பெரிது, எந்த இடம் என்பதைப் பொறுத்து முதல்நாள் தரம் சொன்னதைவிட முடிவு கீழே இறங்கும். தெரியாமல் 21ஆம் நாளைத் தாண்டினால் முதல்நாள் தரம் சொன்னதற்குக் கிட்டவே போகும் என்று எதிர்பார்க்கலாம். ஆகவே கணிப்பை ஒருமுறை கேட்டுவிட்டு அதையே காவித் திரியாதீர்கள். 3 கிழமையில் ஒருமுறை, 3 மாதத்தில் ஒருமுறை, 6 மாதத்தில், ஒரு வருடத்தில் என்று திரும்பத் திரும்பக் கேளுங்கள். உடம்பின் தேறல் முதல் 3 முதல் 6 மாதத்தில் வேகமாக இருக்கும். ஞாபகமும் களைப்பும் ஒரு வருடம் தாண்டியும் மெல்ல மெல்லத் திருந்தும். இந்த வருத்தத்தில் முதல் கிழமையில் சொல்லப்படும் இருண்ட கணிப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. “இது சரிவராது” என்று முடிவெடுத்தால் சிகிச்சை தளரும், சிகிச்சை தளர்ந்தால் சரிவராது, பிறகு கணிப்புச் சரியாக வந்ததாகத் தோன்றும். 5ஆம் தரத்தில் வந்தவர்களிலும் ஒரு பங்கினர் நடந்து வீட்டுக்குப் போவது நீரை வடித்து, குமிழை அடைத்து, காத்திருந்து பார்த்தபின்தான் தெரியவந்தது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், அதே அம்மாவா என்பது. ஆய்வுகளில் “நல்ல முடிவு” என்று எழுதுவதைப் படிக்கும்போது எச்சரிக்கையாக இருங்கள். அது பெரும்பாலும் ரங்கின் என்ற 0 முதல் 6 வரையான அளவுகோலில் 0, 1, 2. தானே குளித்து, உடுத்து, சாப்பிட்டு, தன் காரியத்தைப் பார்த்தால் 2. முந்தி செய்த எல்லாவற்றையும் செய்யமுடியாவிட்டாலும் 2தான். அந்த அளவுகோல் அடுப்படியைப் பார்ப்பதில்லை. பிட்டு அவிப்பதை எடுங்கள்: மா குழைக்கவேண்டும், தேங்காய் துருவவேண்டும், பானையில் நீர் கொதிக்கிறதா என்று பார்க்கவேண்டும், இடையில் சம்பலுக்கு மிளகாய். எது முந்தி எது பிந்தி என்று ஒழுங்குபடுத்துவது மூளையின் முன்பக்க வேலை. முன்பக்க இணைப்பு நாடி வெடித்தவர்களுக்கு அடிபடுவது அநேகமாக அதுவும் புதிய ஞாபகமும். காஸ் குக்கரைப் பற்றவைத்துவிட்டுக் கறிவேப்பிலை பிடுங்கப் போவார், போன இடத்தில் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு நிற்பார். நடை, பேச்சு எல்லாம் சரியாக இருக்கும். வருகிறவர்கள் “ஆள் நல்லாத்தானே இருக்கிறா” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கூட இருப்பவருக்குத்தான் தெரியும். முதல் மூன்று மாதம் அடுப்பைத் தனியாகக் கொடுக்காதீர்கள். ஒரு சாமானில் தொடங்கிக் கடைக்கு அனுப்புங்கள், மூன்றுக்கு ஏற்றுங்கள், எதை மறந்தார் என்று குறித்துவையுங்கள். கிளினிக்கில் “ஞாபகம் எப்படி?” என்று கேட்டால் அந்தக் கொப்பியைக் காட்டலாம்.

இதே இடத்து வெடிப்பில் இன்னொன்றும் நடக்கும், அது குடும்பத்தை நடுங்கவைக்கும். கண்டிக் கட்டிலில் படுத்திருந்துகொண்டே “காலமை கோணேசர் கோயிலுக்குப் போட்டு வந்தனான், நல்ல சனம்” என்று நிதானமாகச் சொல்லுவார். பொய் அல்ல, பேய் பிசாசும் அல்ல. ஞாபகத்தில் விழுந்த ஓட்டையை மூளை பழைய துண்டுகளால் நிரப்புகிறது, அவருக்கு அது உண்மையாகவே தோன்றுகிறது. வாதாடாதீர்கள். “அப்படியா அம்மா, இப்ப நாங்கள் கண்டி ஆஸ்பத்திரியில, தலையில ஒப்பரேஷன் செய்திருக்கு” என்று ஒரே வசனத்தை ஒவ்வொருமுறையும் சொல்லுங்கள். கிழமைகளில், மாதங்களில் பெரும்பாலும் குறையும். குணமாற்றம், காரணமில்லாத கோபம், எதிலும் பற்றில்லாமல் இருப்பது எவ்வளவு மிஞ்சும் என்பதை எந்த அளவுகோலும் முன்கூட்டிச் சொல்லாது. களைப்பு மட்டும் அநேகமாக எல்லோருக்கும் வரும். மதியத்தில் ஒரு மணித்தியாலம் படுக்கவிடுவது சோம்பலுக்கு இடம் கொடுப்பது ஆகாது. “மணமே தெரியேல்ல, கறியெல்லாம் ஒரே மாதிரி” என்றால் மணநரம்பு. “ஒரு கண்ணில கறுப்பாப் படலம்” என்றால் கண்ணுக்குள் குருதி கசிந்திருக்கலாம். அதைக் கண் வைத்தியர் பார்க்கவேண்டும், பலருக்குத் திருத்தக்கூடியது, ஆனால் நோயாளி நினைவு தெளியும்வரை யாரும் கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்தபின் ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். கிழமைகளோ மாதங்களோ கழித்து, தேறிக்கொண்டு வந்தவர் பின்வாங்கினால், கால் நிலத்தில் ஒட்டினதுபோல இழுத்து நடந்தால், சலம் அடக்க முடியாமல் போனால், ஆள் மங்கிக்கொண்டே போனால், “வயசு போகுது, இவ்வளவுதான்” என்று விடாதீர்கள். மூளைநீர் மெதுவாகத் தேங்குவது இப்படித்தான் வரும். ஒரு சி.டி. போதும் பிடிக்க; அந்த நீர் வடிய மூளையிலிருந்து வயிற்றுக்கு ஒரு குழாய் வைத்துவிட்டால் பலர் மீண்டுவிடுவார்கள். வலிப்பு வந்தாலோ, காய்ச்சலோடு தையலிலிருந்து நீர் வடிந்தாலோ, மறுபடி இடிவிழுந்ததுபோலத் தலைவலி வந்தாலோ கிளினிக் நாள் பார்க்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். போகும்போது டயக்னோசிஸ் காட்டும் கிளிப் விபரமும் கையில் இருக்கட்டும், எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் அந்தக் கிளிப் எந்த உலோகம் என்று கேட்பார்கள்.

கை ஒன்று பலவீனப்பட்டிருந்தால் பரியாரியார் எண்ணெய் பூசி உருவுவதைப் பற்றி யாராவது சொல்லுவார்கள். தோலில் எண்ணெய் பூசுவதால் கேடு ஒன்றும் வராது. சோர்ந்த கையைப் பிடித்து இழுப்பதால் வரும். பலமில்லாத தோள்மூட்டு அதன் குழியிலிருந்து இறங்கிவிடும், பிறகு அந்த வலிதான் பிசியோவைத் தடுக்கும். தூக்கி இருத்தும்போதும் அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். தலையில் எதையும் வைத்து உருவவேண்டாம், தையல் ஆறும்வரை. பேச்சுப் பயிற்சி தேவைப்பட்டால் தமிழில் செய்பவரிடம்தான் போகவேண்டும்; திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு ஒரு மாற்றுக்கடிதம் கேட்டு வாங்குங்கள்.

நீங்களும் சகோதரங்களும் ஸ்கான் எடுக்கவேண்டுமா என்பதற்கு: ஒரே குடும்பத்தில் பெற்றார், சகோதரம், பிள்ளை என்ற நெருக்கத்தில் இரண்டு பேருக்கு வந்திருந்தால் எடுப்பது வழக்கம். ஒருவருக்கு மட்டும் என்றால் பொதுவாக எடுப்பதில்லை. இதனால்தான் மாமாவின் காட் உண்மையிலேயே தேவை, அவர் அம்மாவின் கூடப்பிறந்தவர் என்றால். ஸ்கானுக்கு முன் செய்யவேண்டியது பிரஷரை அளப்பதும், தம்பி சிகரெட் குடிப்பவர் என்றால் நிறுத்துவதும். குமிழ் உண்டாவதிலும் வெடிப்பதிலும் இந்த இரண்டின் பங்கு சந்தேகத்துக்கு இடமில்லாதது.

வேலையைப் பற்றி. இன்றைக்கு இராஜினாமா எழுதாதீர்கள். 21ஆம் நாள் வரை லீவு எடுங்கள்; அதுவரை அம்மாவுக்குத் தேவை தமிழில் கதைக்க ஒரு ஆள், மாற்றத்தைக் கவனிக்க ஒரு கண். வீட்டுக்கு வந்ததும் முதல் 6 முதல் 8 கிழமை பகலில் ஒரு பெரிய ஆள் கூட இருக்கவேண்டும் என்று திட்டமிடுங்கள்; சித்தி, பெரியம்மா முறைபோட்டு வந்தால் அது நீங்களாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. வேலையை விடுவதா என்ற முடிவை 3 மாதக் கிளினிக் கழித்து எடுங்கள். நான் அம்மாவின் ஸ்கானைப் பார்க்கவில்லை, நேற்றைய தூக்கத்தின் காரணமும் இன்னும் தெரியாது. 2ஆம் தரம், 56 வயது, மறுநாளே கிளிப்: இவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால், தன் வேலையைத் தானே பார்க்கும் நிலைக்கு வருவதற்கு ஃபிஃப்டி-ஃபிஃப்டியைவிடக் கூடிய வாய்ப்பு இருந்தது. நேற்றைய தூக்கம் அதை எவ்வளவு குறைத்திருக்கிறது என்பதை இன்றைய சி.டி.யும் சோடியமும்தான் சொல்லவேண்டும். அவை வந்ததும் இங்கேயே எழுதுங்கள்.